சனிக்கிழமைச் சுமை

குடியிருப்புச் சங்கத்தின் கடிதம் கதவடியில் கிடந்தது.
நிலவறையில் வாயு உருளை கூடாது,
பதினான்கு நாளில் அகற்றவும்.
கையெழுத்துக்குக் கீழே தலைவர் ஓஸ்மோ
பேனாவால் ஒரு வரி சேர்த்திருந்தார்:
இங்கே ஒழுங்காக இருப்பது
உங்கள் கம்பிக்கூண்டு ஒன்றுதான்.

உருளையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.
வந்த முன்பணத்தில் நல்ல முகமூடி ஒன்று.
இனி குச்சி வெல்டிங் மட்டும்.
குச்சிகள் குளிரைத் தாங்கும், ஈரத்தைத் தாங்காது.
பிஸ்கட் டப்பாவில் அடுக்கி, மூடியைச் சுற்றி டேப் ஒட்டி,
புதுக் காலணிப் பெட்டிகளில் வரும்
சிலிக்கா பொட்டலங்கள் ஏழை உள்ளே போட்டிருக்கிறேன்.
அப்படியும் நமுத்துப்போனால் அவனில் வைத்து வாட்டலாம்.
ரொட்டியோடு சேர்த்து வைக்கக் கூடாது.
ஒருமுறை வைத்தேன்.
அது போகட்டும்.

கார் இல்லை. கயானி நகரத்தில் ஆறு மாதம் பனி.
என்னிடம் இருப்பது ஓர் உதைசறுக்கு:
முன்னால் நாற்காலி, கீழே இரண்டு நீள எஃகுச் சட்டம்,
பின்னால் நின்று ஒரு காலால் உந்த வேண்டியதுதான்.
மற்றவர்கள் அதில் பிள்ளையை உட்கார்த்துவார்கள்,
உருளைக்கிழங்கு மூட்டையை வைப்பார்கள்.
நான் இன்வெர்ட்டரைக் கம்பளியில் சுற்றி
சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டுகிறேன்.
கேபிளை வட்டமாகச் சுருட்டினால்
குளிரில் விறைத்துக்கொண்டு முறுக்கும்;
எட்டுப் போட்டுச் சுருட்ட வேண்டும்.
சுத்தியல் ஒரு காலுறைக்குள்,
கம்பி பிரஷ் இன்னொன்றுக்குள்.
எதிர்காற்றுக்கு முகமூடியை நானே மாட்டிக்கொள்வேன்.

நாயோடு வந்தவர் குனிந்து பார்த்தார்.
பிள்ளைக்கு என்ன பெயர்?
நூற்று அறுபது ஆம்ப், என்றேன்.
நாய் மட்டும் நம்பியது.

ஏரிக்கரைப் படகுக் கொட்டகை
நான்கு கிலோமீட்டர்.
இரண்டாவதிலேயே, சுகாதார நிலையத்து வளைவில்,
வலது சட்டம் பொட்டென்று விட்டுப்போனது.
பதினெட்டுக் கிலோவும் நானும் பனிமேட்டில்.
கையில் வெண்ணெய் இருக்கும்போது
நெய்க்கு அலைவானேன் என்பார்கள்.
வெண்ணெய் இருந்தது.
அடுப்பு இல்லை.

காரின் எஞ்சினைச் சூடாக்கும் மின்கம்பங்கள்
வாகன நிறுத்தத்தில் வரிசையாக நின்றன,
ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னப் பூட்டு.
இரவுப்பணி முடிந்து வந்த ஆம்புலன்ஸ்காரர்
என்னையும் சட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.
ஒன்றும் கேட்கவில்லை.
தன் பெட்டியைத் திறந்து,
காரின் வயரைப் பிடுங்கி,
குளிர்ந்த கையால் என் பிளக்கைச் செருகினார்.

தொண்ணூறில் வைத்தேன். ஃபியூஸ் தட்டியது.
ஐம்பத்தைந்துக்கு இறக்கி, மெல்லிய குச்சி எடுத்தேன்.
பார்க்காதீர்கள், திரும்பிக்கொள்ளுங்கள், என்றேன்.
அவர் பனிக்குவியலைப் பார்த்தபடி சொன்னார்:
தெரியும். இந்தக் கண்ணாடியை
எனக்குப் பொருத்தியதே நீங்கள்தான்.

வாரத்தில் ஐந்து நாள்
அடுத்தவர் கண்ணுக்கு முன்னால் வில்லையை மாற்றி மாற்றி
இது தெளிவா, அது தெளிவா என்று கேட்பவள் நான்.
கறுப்புக் கண்ணாடிக்குள்
எனக்கு ஒரே ஒரு புள்ளி,
பச்சையாக, அசைந்துகொண்டு.
யாரும் எதையும் கேட்பதில்லை.

ஒட்டு அழகில்லை, பறவை எச்சம்போல் இருந்தது.
சட்டம் ஸ்பிரிங் எஃகு.
சூடுபட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே
மறுபடி விடும் என்று எனக்குத் தெரியும்.
அவரிடம் சொல்லவில்லை.
கனல் ஆறும்வரை
அவருடைய காபியைப் பங்கு போட்டோம்.
பெயர் தவெத்தி என்றார்.

கொட்டகைக்குப் போகவில்லை.
வீட்டுப் பக்கம் திருப்பினேன்.
ஒவ்வோர் உதைக்கும் ஒரு டக்.
எண்ணிக்கொண்டே வந்தேன், எழுநூறில் விட்டுவிட்டேன்.
மூன்று மணிக்கே இருட்டு.
ஓஸ்மோ வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்;
உருளை இருக்கிறதா என்று
கம்பளியை லேசாகத் தொட்டும் பார்த்தார்.

குளிரிலிருந்து வந்த இயந்திரத்தை
உடனே பிரிக்கக் கூடாது, உள்ளே வியர்த்துவிடும்.
கம்பளியோடு அப்படியே நடையில் வைத்தேன்.
மேல்கோட்டைக் கழற்றாமல் நானும்
அதன் பக்கத்தில்
கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.